‘வானிலை’ என்ற ஒரு சொல்: புயல் நாள் விமான விதிகளுக்கு ஒரு கோட் ரிவ்யூ

டிஜிசிஏ 2010 ஆகஸ்டில் வெளியிட்ட ஒரு விதிமுறை இருக்கிறது. சிவில் ஏவியேஷன் ரிக்வயர்மெண்ட்ஸ், பிரிவு 3, வரிசை எம், பகுதி 4. ஃபிளைட் ரத்தானால், தாமதமானால், டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால் ஏர்லைன்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது இதுதான். நடுவில் சில முறை திருத்தியிருக்கிறார்கள், 2016இல் இழப்பீட்டுத் தொகையைக் கூட்டினார்கள். ஏர்போர்ட் கவுண்டரில் கத்துகிற பயணியும் சரி, எதிரே நிற்கிற அந்தப் பாவப்பட்ட ஊழியரும் சரி, பெரும்பாலும் இதைப் படித்திருக்க மாட்டார்கள். சில பக்கங்கள்தான். ஒரு மாலையில் படித்துவிடலாம்.

இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துக் குறை சொல்வதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் படித்தேன். படித்ததும் தோன்றியது: இதில் ஒரு கேட்ச் பிளாக் இருக்கிறது, எந்த எரர் வந்தாலும் விழுங்கிவிட்டு சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறது. அந்த பிளாக்கின் பெயர் ‘வானிலை’.

முதலில் விதி என்ன தருகிறது என்று பார்ப்போம். பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் இருக்கிற ஃபிளைட் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. இரண்டரையிலிருந்து 5 மணி நேர ஃபிளைட்டுக்கு 3 மணி தாமதம், மற்றதற்கு 4 மணி. உள்நாட்டு ஃபிளைட் 6 மணிக்கு மேல் தாமதம் என்றால் மாற்று ஃபிளைட் அல்லது முழு ரீஃபண்ட். 24 மணிக்கு மேல் போனால், தேவைப்படும்போது ஹோட்டல். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய ஃபிளைட் 6 மணிக்கு மேல் தாமதமானாலும் ஹோட்டல். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை இழப்பீடு. அதுவும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையும் இதுவும், எது குறைவோ அது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது விலக்குக்கு வருவோம். இரண்டு பத்தி. முதல் பத்தி அரசியல் குழப்பம், இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வேலைநிறுத்தம் என்று பட்டியல் போடுகிறது. இரண்டாவது பத்தி, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல் இவற்றால் ‘தெளிவாக’ நேர்ந்த தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீடு கிடையாது என்கிறது. இதுவரை எனக்குச் சண்டை இல்லை. புயலுக்குப் பணம் கட்டு என்று ஏர்லைன்ஸை நெருக்கினால் அந்த நெருக்கடி கடைசியில் காக்பிட்டில் போய் உட்காரும். ஃபெங்கல் புயலன்று, 2024 நவம்பர் 30, சென்னையில் இறங்க வந்த ஒரு ஏர்பஸ் ரன்வேயைத் தொடுகிற நேரத்தில் பக்கவாட்டில் ஆடி, மீண்டும் மேலே எழும்பிப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த விமானிக்கு மேலே எழும்புவதற்கு எந்தத் தயக்கமும் இருக்கக் கூடாது. ஆகவே இழப்பீட்டில் விலக்கு சரி.

ஆனால் தாமதத்தைப் பற்றிய பகுதியின் கடைசியில் இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது. தாமதம் இந்த அசாதாரணக் காரணங்களால் வந்தது, எல்லா நியாயமான முயற்சியும் எடுத்தும் தவிர்த்திருக்க முடியாது என்றால், சாப்பாடு, ஹோட்டல் தருகிற கடமையும் ஏர்லைன்ஸுக்கு இல்லை என்கிறது அது. இழப்பீடு என்பது நஷ்டத்துக்குப் பணம். சாப்பாடும் படுக்க இடமும் அப்படியா? கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அந்த நேரத்துத் தேவை. இரண்டையும் ஒரே கண்டிஷனுக்குள் போட்டதுதான் இந்த ஆவணத்தின் பெரிய தப்பு என்பேன். சாப்பாடு எந்த நாளில் ரொம்பத் தேவையோ, அந்த நாளில்தான் கடமை காணாமல் போகிறது.

இந்த விதியின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட 261ஆம் எண் விதியில் போய் நிற்போம். அரசியல் குழப்பம், வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம் என்று அதே வரிசை அங்கும் இருக்கிறது. ஆனால் அங்கே ‘வானிலை’ தனியாக நிற்கவில்லை. குறிப்பிட்ட அந்த ஃபிளைட்டை இயக்கவே ஒவ்வாத வானிலை என்று அடைமொழியோடு வருகிறது. நம்முடையதில் அடைமொழி போய்விட்டது, பெயர்ச்சொல் மட்டும் மிச்சம். எங்கேயோ மழை பெய்தது, எங்கேயோ விமானம் மாட்டிக்கொண்டது, ஆகவே உங்கள் ஊரில் வெயில் காய்கிற நாளில் உங்கள் ஃபிளைட் ‘வானிலை காரணமாக’ ரத்து என்று சொல்ல இந்த வாசகம் இடம் தருகிறது. ‘தெளிவாக’ என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். யாருக்குத் தெளிவாக? காரணத்தை அறிவிப்பது ஏர்லைன்ஸ். அதைச் சரிபார்க்க பயணியின் கையில் எதுவும் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐரோப்பிய விதியில் அசாதாரணக் காரணம் இழப்பீட்டை மட்டும்தான் நீக்கும், பராமரிப்புக் கடமையைத் தொடாது. இதுவும் சோதிக்கப்பட்டாயிற்று. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை சாம்பல் கக்கி ஐரோப்பிய வான்வெளியை நாள் கணக்கில் மூட வைத்தது. போர்ச்சுகலில் மாட்டிக்கொண்ட ஒரு பயணி தன் சாப்பாடு, தங்குமிடச் செலவு கிட்டத்தட்ட 1,130 யூரோவைக் கேட்டார். ரையன்ஏர் மறுத்தது. இவ்வளவு பெரிய பேரிடர் சாதாரண ‘அசாதாரணம்’ இல்லை, அதற்கும் மேலே என்று வாதம். ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31 அன்று அப்படி ஒரு தனி வகையே கிடையாது என்று சொல்லிவிட்டது. நீண்ட நாள் தவிக்கிறபோதுதானே பராமரிப்பு அதிகம் தேவை என்பது தீர்ப்பின் சாரம். ஏர்லைன்ஸ் எதுவும் இதனால் திவாலாகவில்லை.

அடுத்தது டைமர் பக். தாமதத்தை எங்கிருந்து அளப்பது? நம் விதி, முதலில் அறிவித்த நேரம் ‘அல்லது மாற்றி அறிவித்த நேரம்’ என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புமா, திரும்பாதா? பயணிக்குச் சாதகமாகவும் படிக்கலாம், பாதகமாகவும் படிக்கலாம். இப்படி எழுதிய கோடை என் டீமில் நான் மெர்ஜ் பண்ண விடமாட்டேன்.

இது வார்த்தை விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். என் மச்சான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஃபெங்கல் நாளன்று சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து வேறொரு ஏர்லைன்ஸில், வேறு டிக்கெட்டில், ஐரோப்பா. பையில் பையருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் ஜோடிகள். சென்னைக்கு ரெட் அலர்ட் என்று முந்தைய நாளே டிவியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஏர்லைன்ஸிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, வெப் செக்கின் வரை முடிந்துவிட்டது. விடிகாலையில் காரில் கிளம்பினார். ஸ்ரீபெரும்புதூர் டோல் தாண்டியதும் முதல் எஸ்எம்எஸ்: ஒன்றரை மணி தாமதம். ஏர்போர்ட் உள்ளே போனபிறகு இரண்டாவது: இன்னும் ஒன்றரை. அப்புறம் ஒன்று. நண்பகல் வாக்கில் ஏர்போர்ட்டையே மூடினார்கள். அதன்பிறகுதான் ‘மோசமான வானிலை காரணமாக ரத்து’. ஏர்போர்ட் நள்ளிரவு தாண்டித்தான் திறந்தது. டெல்லி டிக்கெட் பணம் திரும்பி வந்தது. இரண்டாவது டிக்கெட்டுக்கு அவர் ‘நோ ஷோ’, பணம் போனது போனதுதான். பெங்களூர் வழியாகப் புது டிக்கெட் எடுத்துப் போனபோது பையர் இன்னொரு சப்ளையரைப் பார்க்கக் கிளம்பிவிட்டிருந்தார். ஏர்லைன்ஸ் பெயர் எழுதவில்லை. எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, மற்றவையும் இதையேதான் செய்கின்றன.

ஏன் இப்படித் துண்டு துண்டாகத் தாமதிக்கிறார்கள்? கெட்ட எண்ணம் என்று சொல்வது சுலபம், ஆனால் போதாது. ஒரு விமானம் ஒரு நாளில் ஐந்தாறு தடவை பறக்கும். காலை சென்னை ஃபிளைட்டை ரத்து செய்தால் அதே விமானம் மதியம் டெல்லியிலிருந்து போக வேண்டிய லக்னோவும், மாலை லக்னோவிலிருந்து வர வேண்டியதும் சேர்ந்து விழும். விமானிகளுக்கும் கேபின் ஊழியர்களுக்கும் பணி நேர வரம்பு உண்டு, அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆகவே கடைசி நிமிடம் வரை எல்லாக் கதவையும் திறந்தே வைத்திருக்கப் பார்க்கிறார்கள். கணிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஃபெங்கல் புயலாகவே வலுவடையாது என்று ஒரு நாள் முன்பு சொன்ன வானிலை ஆய்வு மையம், 29ஆம் தேதி மதியம் புயல் என்று அறிவித்தது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் காத்திருப்பதன் செலவு யார் தலையில்? ரத்து என்றால் ரீஃபண்ட் உடனே கடமையாகிறது. 5 மணி 50 நிமிடத் தாமதம் என்றால் எதுவும் இல்லை. காத்திருக்கும் லாபம் ஏர்லைன்ஸுக்கு, காத்திருக்கும் செலவு பயணிக்கு. அதிலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பயணிக்கு ஏர்போர்ட் 180 கிலோமீட்டர் வாக்கில். குரோம்பேட்டையில் இருப்பவர் எஸ்எம்எஸ் பார்த்துவிட்டு வீட்டிலேயே இன்னொரு காபி குடிக்கலாம். நம்ம ஊர்க்காரர் ஐந்து மணி நேரம் முன்பே கிளம்பியாக வேண்டும். இரண்டு மணி முன்னால் சொல்கிற ‘முன்னறிவிப்பு’ அவருக்குச் செய்தி மட்டுமே, அதை வைத்து எதையும் செய்ய முடியாது.

சிஎம்சிக்கு வருகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, காந்தி ரோடு பக்கத்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கி, கடைசி நாள் அறையைக் காலி செய்துவிட்டு, ஆபரேஷன் முடிந்த நோயாளியை டாக்ஸியில் படுக்கவைத்துச் சென்னைக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே போய் ‘தாமதம்’ என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? சென்னையில் சொந்தக்காரர் கிடையாது, மொழி கிடையாது, கையிருப்பும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். விதியில் ஹோட்டல் என்ற சொல் இவர்களுக்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே ரத்து செய்ய முடியாதா என்றால், முடியும். டிஜிசிஏவே சொல்லியிருக்கிறது, ஆனால் பனிமூட்டத்துக்காக. 2024 ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. கோவாவிலிருந்து டெல்லி போன இண்டிகோ ஃபிளைட் மும்பைக்குத் திருப்பப்பட்டு, பயணிகள் விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடியோ நாடு முழுக்க ஓடியது. அதற்கு இண்டிகோவுக்கு 1.2 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. அந்த நாட்களில் டிஜிசிஏ வெளியிட்ட செயல்முறையில், 3 மணிக்கு மேல் தாமதமாகும் என்று எதிர்பார்க்கும் ஃபிளைட்டுகளைப் போதிய அவகாசத்தோடு ரத்து செய்யலாம் என்றும், தாமத நிலவரத்தைச் சரியாக வெளியிட வேண்டும் என்றும் இருந்தது. ‘செய்யலாம்’தான், ‘செய்ய வேண்டும்’ இல்லை. ஆனாலும் நல்ல தொடக்கம். மூடுபனியைவிட புயல் எவ்வளவோ முன்னால் தெரியும்!

வானிலை எங்கே முடிகிறது, நிர்வாகம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது, அதுவும் என் தொழில் சம்பந்தப்பட்டது. 2022 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு கடும் பனிப்புயல். எல்லா ஏர்லைன்ஸும் அடிபட்டன. சில நாளில் மற்றவை எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் வானம் தெளிந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தது. எந்த ஊழியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் அவர்களுடைய ஷெட்யூலிங் மென்பொருளால் அத்தனை மாற்றத்தைத் தாங்க முடியவில்லை. விமானி ஹோட்டலில் இருக்கிறார், விமானம் ஏர்போர்ட்டில் நிற்கிறது, சிஸ்டத்துக்கு இரண்டும் தெரியவில்லை. ஊழியர்கள் போன் பிடித்து மணிக்கணக்கில் காத்திருந்து தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 16,900 ஃபிளைட் ரத்து, 20 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. ஒரு வருஷம் கழித்து அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் போட்டது. முதல் இரண்டு நாள் வானிலை. மிச்சமெல்லாம் டெக்னிக்கல் டெப்ட். நம் விதியில் அந்த இரண்டையும் பிரிக்க ஒரு வரிகூட இல்லை.

நம் ஊரிலும் அதே சொல் எப்படிப் பயன்படுகிறது பாருங்கள். 2025 டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ சரிந்தது. 5ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஃபிளைட் ரத்து. விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு ஆள் தயார் செய்யாததுதான் மையக் காரணம் என்று பிறகு தெளிவானது. முதலில் வந்த அறிக்கையில் சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை மாற்றம், நெரிசல் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் மோசமான வானிலையும் உட்கார்ந்திருந்தது.

திருப்பிவிடப்படும் ஃபிளைட் பற்றி ஒரு சின்னப் புலம்பல். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலில் சென்னை ரன்வே தண்ணீரில் கிடந்தபோது நிறைய ஃபிளைட்டுகள் பெங்களூருக்குப் போயின. ஆம்பூர்க்காரருக்குப் பெங்களூரும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே தூரம். அங்கேயே இறக்கிவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நேராக வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் செக்கின் செய்த பெட்டி வயிற்றுக்குள், வெளிநாட்டு ஃபிளைட் என்றால் இமிகிரேஷன் வேறு. சென்னை திறக்கும் வரை வீட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நல்லபடியாகச் செய்த நாளும் ஒன்று இருக்கிறது, சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு வெள்ளத்தில் சென்னை ஏர்போர்ட் மூடியது, 5, 6 தேதிகளில்தான் மெல்லத் திறந்தது. அந்த இடைவெளியில் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு அரக்கோணம் வேலூர் மாவட்டம். சென்னையிலிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து, ராணுவ ரன்வேயிலிருந்து பயணிகள் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை, யாரோ உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அது எழுத்தில் ஒரு நிலையான ஏற்பாடாக மாறியிருந்தால் 2016 வர்தாவுக்கும், மிக்ஜாமுக்கும், ஃபெங்கலுக்கும் கையில் ஒரு திட்டம் இருந்திருக்கும். வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தைப் பற்றி இங்கே நான் வாய் திறக்கப் போவதில்லை, அது தனிப் பதிவு.

ரயிலோடு ஒப்பிட்டால் கோபம் இன்னும் ஏறும். காட்பாடியில் உங்கள் ரயில் 3 மணிக்கு மேல் தாமதம், நீங்கள் ஏறவில்லை என்றால் முழுப் பணமும் கேட்கலாம், காரணம் புயலா பொறியா என்று யாரும் கேட்பதில்லை. ரயில் ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானே வந்து விழுகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம், 4 மணி நேரம் தாமதமாகப் போய் ஜம்முவில் ஃபிளைட்டைத் தவறவிட வைத்த ரயிலுக்காக ரயில்வேயை 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தாமதத்துக்குக் காரணம் தங்கள் கையை மீறியது என்று நிரூபிக்க வேண்டியது ரயில்வேதான், பயணி இல்லை என்றது. விமானத்திலும் அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இருக்கிறது, வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும். இந்தியா 2009இல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு ஏர்லைன்ஸ் பொறுப்பு என்கிறது. நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று ஏர்லைன்ஸ் நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். ‘வானிலை’ என்று ஒரு சொல் சொன்னால் போதாது. ஃபிராங்ஃபர்ட் போகிற தோல் வியாபாரிக்கு இருக்கிற பாதுகாப்பு கொல்கத்தா திரும்புகிற நோயாளிக்கு இல்லை.

என்னைக் கேட்டால் மாற்ற வேண்டியது நாலு வரிதான். சாப்பாடு, ஹோட்டல் கடமையை விலக்கிலிருந்து வெளியே எடுங்கள். செலவு பயமுறுத்துகிறது என்றால் ஏர்போர்ட்டில் வசூலிக்கும் பயனாளர் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு போகட்டும். ‘வானிலை’க்கு அந்த அடைமொழியைத் திருப்பிக் கொடுங்கள். கடிகாரம் முதல் நேரத்திலிருந்து மட்டும் ஓடட்டும். ரெட் அலர்ட் வந்துவிட்டால், அபராதமில்லாமல் தேதி மாற்றவோ பணம் வாங்கவோ பயணிக்கு உரிமை வேண்டும், ஏர்லைன்ஸ் முடிவெடுக்கும் வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. இந்த நாலாவதைச் சில ஏர்லைன்ஸ் சலுகையாக அவ்வப்போது அறிவிக்கின்றன. சலுகை வேறு, உரிமை வேறு.

அதுவரைக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு மூன்று விஷயம். முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும். முதல் ஃபிளைட் விழுந்தால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பாகும். ஏஜெண்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் தர வேண்டிய பொறுப்பு ஏர்லைன்ஸுடையதுதான், ‘ஏஜெண்டைக் கேளுங்க’ என்று சொன்னால் விடாதீர்கள். புகாரை ஏர்சேவாவில் போட்டு எண் வாங்கி வையுங்கள். அதில் தீராவிட்டால் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏர்லைன்ஸ் தலைமை அலுவலகம் இருக்கும் குருகிராமுக்கெல்லாம் அலைய வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு உதவி. புயல் நாட்களில் உங்களுக்கு வந்த தாமத எஸ்எம்எஸ்கள் இருந்தால், வந்த நேரமும் அதில் சொன்ன புது நேரமும் மட்டும் எனக்கு அனுப்புங்கள். பெயர், பிஎன்ஆர் எதுவும் வேண்டாம். அதை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு நேரங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். மச்சானுடைய நாலு எஸ்எம்எஸ் ஏற்கெனவே ஷீட்டில் ஏறிவிட்டது.